நகுலேஸ்வரனின் அமெரிக்க எருமை

இத்தாலியில் பலேர்மோ நகரத்துச் சீசாப் பகுதியில் தமிழ்ச் சனம் இருக்கிற எந்த வீட்டில் போய்க் குந்தினாலும், தேத்தண்ணி ஆறுவதற்குள் இந்தக் கதை வந்துவிடும். நகுலேஸ்வரனின் காரின் மூக்கில் ஒரு எருமைத் தலை இருந்ததாம். ஊரைக் காக்கிற கத்தோலிக்கப் புனிதை சாந்தா றோசாலியாவின் மலைக்கோயிலுக்கு ஏறிப் போன இடத்தில் அந்த எருமை புகையாய்ப் போனதாம். புகை விலகிப் பார்த்தால், அதே இடத்தில் முருகப்பெருமானின் மயில் நின்றதாம். இது சீசாவில் சொல்லுகிற அளவு. நகரத்தின் மற்றப் பக்கமான ஒரேத்தோவுக்குப் போனால் மயில் தோகை விரித்துவிடும். அங்கிருந்து தொலைபேசியில் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது காரைவிட்டு இறங்கி, கோயிலை மூன்றுதரம் சுற்றிவந்து, திரும்பவும் ஏறிப் பழைய இடத்தில் இருந்துவிட்டது. கனடாவில் ஒரு மாமி, காரின் படத்தைச் சட்டம் போட்டு அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சாமியறையில் மாட்டுவதற்காம்.

ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் பிஸ்தாப் பச்சைக் காரின் முன்சீற்றில் நகுலேஸ்வரனின் மனைவி யோகாம்பாள் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்து போவதைக் கண்ணால் காண்கிறவர்கள்கூட, இன்னும் இந்தக் கதையைத்தான் சொல்லுகிறார்கள். அவர் அந்தச் சீற்றில் வந்து ஏறின கதைதான் உண்மைக் கதை. அதற்கு நகுலேஸ்வரனிலிருந்து தொடங்கவேண்டும்.

நகுலேஸ்வரன் அறுபதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர். மெல்லிய உடம்பு, தடித்த மீசை. ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது ஏஜென்சிக்காரன் அமெரிக்கா என்று சொல்லித்தான் அவரைக் கூட்டிவந்தான். பலேர்மோவில் இறக்கிவிட்டு, கொஞ்ச நாள் நில்லுங்கோ, வந்து ஏற்றுகிறேன் என்றான். அவன் இன்னும் வரவில்லை. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராய் லண்டன், பாரிஸ், கனடா என்று கழன்றுபோனார்கள். கோடையில் விடுமுறைக்கு வந்து நிற்கும்போது, "நீங்கள் இன்னும் இஞ்சைதானோ?" என்று கேட்பார்கள். சாதாரணமாய்த்தான் கேட்பார்கள். ஆனால் அந்த "இன்னும்" நகுலேஸ்வரனின் தொண்டையில் மீன்முள்ளு மாதிரி நிற்கும்.

அவர் உறுதி எழுதுகிற ஒரு கிழட்டு நொத்தாரிசின் வீட்டில் வேலை செய்தார். நொத்தாரிசுக்கு முகம் வழிப்பது, சூப் பருக்குவது, பின்னேரங்களில் கையைப் பிடித்து நடத்துவது. யோகாம்பாள் அடுக்குமாடிகளில் படி கழுவினார். பலேர்மோவில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் படிகளுக்குப் பஞ்சம் வராது. கடைசியில் அவருடைய முழங்கால்தான் பஞ்சப்பட்டுப் போனது.

கலியாணம் முடித்து, நாப்போலியிலிருந்து கப்பலில் யோகாம்பாள் வந்து இறங்கின அன்று, நகுலேஸ்வரன் துறைமுகத்துக்குப் போய் அவரை பஸ்ஸில்தான் கூட்டிவந்தார். பஸ் நிறைந்த சனம். புதுப் பெண் ஒரு கையில் சூட்கேசும் மறுகையில் கம்பியுமாய் வீடு வரைக்கும் நின்றுகொண்டு வந்தார். நகுலேஸ்வரனுக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. குனிந்து காதுக்குள் சொன்னார்: "யோகம், நீ நிண்டுகொண்டு போற கடைசி பஸ் இதுதான்."

அதற்குப் பிறகு யோகாம்பாள் நின்றுகொண்டு போன பஸ்களுக்கு ஒரு கணக்கும் இல்லை. மகள் பிறந்தாள், படித்தாள், மிலானுக்குக் கலியாணம் முடித்தும் போய்விட்டாள். யோகாம்பாள் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கடைசி பஸ்ஸைப் பற்றி ஒரு நாளும் குத்திக் கதைத்ததில்லை. அதுதான் நகுலேஸ்வரனுக்குக் கூடின கஷ்டம். சண்டை பிடித்திருந்தால் அவரும் ஏதாவது பதில் சொல்லி ஆறியிருப்பார்.

நொத்தாரிசு ஒருநாள் சூப் குடித்தபடியே கண்ணை மூடிவிட்டார். அவருடைய மனைவி, வீட்டில் எல்லோரும் சினியோரா என்று கூப்பிடுகிற அம்மா, அழுது முடித்து, கராஜ் திறப்பைக் கொண்டுவந்து நகுலேஸ்வரனின் கையில் வைத்தார். உள்ளே கிடக்கிற காரை நீயே எடுத்துக்கொள், ஆனால் கவனமாய் ஓட்டு, அது அமெரிக்கன் என்றார்.

இனி அந்தக் காரின் பூர்வீகம். வின்ஸ்லோ என்பது அமெரிக்காவில் பெரிய பெரிய வண்டிகள் செய்த கொம்பனி. அவற்றில் ஒன்றைக் கொண்டுவந்து சீசாவில் நிற்பாட்டினால் ஒரு தெரு அடைபட்டுவிடும். பெற்றோல் விலை ஏறின காலத்தில் அவர்களுக்குச் சின்னக் கார் ஒன்று அவசரமாய்த் தேவைப்பட்டது. செய்யத் தெரியாது. அந்த நேரம் பார்த்துக் கொரியாவில் ஹன்டோ என்று ஒரு கொம்பனி படுத்துவிட்டது. வின்ஸ்லோக்காரர் அதை வாங்கி, அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த தூருமி என்ற காரின் மூக்கில் தங்கள் எருமைத் தலையை ஒட்டி, டல்சா என்று புதுப் பேர் வைத்துக் கப்பலில் ஏற்றினார்கள். பெடியனுக்கு மீசை ஒட்டி நாடகத்தில் ராசாவாக்கி விடுவதில்லையா, அதே வேலை.

அமெரிக்காவில் பெரிய கார் விரும்பினவன் டல்சாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. சின்னக் கார் தேடினவன் யப்பான்காரனிடம் போய்விட்டான். விலைப்படாததை எல்லாம் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள், அதிலும் இத்தாலிக்கு. தாலாட்டுப் பருவத்திலேயே சின்னக் காரில் ஏறின சனத்துக்குச் சின்னக் கார் விற்க வந்தார்கள். பலேர்மோவின் சுற்றுச்சாலையில் ஒரு காட்சியறை திறந்து, கொடி கட்டி, பலூன் ஊதி, வந்தவர்களுக்கெல்லாம் பாணுக்குள் சொசேஜ் வைத்துக் கொடுத்தார்கள். வந்தவர்கள் பாணைச் சாப்பிட்டு, பிள்ளைகளுக்குப் பலூனையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கொஞ்சக் காலத்தில் அந்த இடம் மெத்தைக் கடையாகிவிட்டது. அங்கே கார் வாங்கின சொற்பப் பேரில் நொத்தாரிசும் ஒருவர். காட்சியறை ஏஜென்ட் அவருடைய மச்சான். மனுசனுக்குத் தப்ப வழியில்லை.

நகுலேஸ்வரனுக்கு இந்தப் பூர்வீகம் ஒன்றும் அப்போது தெரியாது. அவர் காரைக் கழுவித் துடைத்துத் தெருவில் விட்டுவிட்டு, காண்கிற ஆக்களை எல்லாம் மறித்துச் சொன்னார்: "நான் அமெரிக்காவுக்குப் போகேல்லை. அமெரிக்கா என்னட்டை வந்திட்டுது." இதை அவர் சீசாவில் சொன்னார், சந்தையில் சொன்னார், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில் வரிசையில் நின்றவர்களுக்கும் சொன்னார். அந்த வருசம் விடுமுறைக்கு வந்தவர்கள் "இன்னும் இஞ்சைதானோ" என்று கேட்கவில்லை. காரைச் சுற்றிப் பார்த்தார்கள், மூக்கிலிருந்த எருமையைத் தடவினார்கள், நல்லாயிருக்கு என்றார்கள்.

நல்லநாள் பார்த்து வாகனப் பூசைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோனார். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாயிற்று. ஐயர் தேங்காயைச் சுற்றினார். இனி வாகனத்தின் நெற்றியில் பொட்டு வைக்கவேண்டியது வீட்டுக்காரி. யோகாம்பாள் சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். எருமையும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இஞ்சேருங்கோ, இது எருமையெல்லே?"

"எருமையில்லை, பைசன். அமெரிக்கன் காட்டெருமை."

"காட்டிலை நிண்டாலும் எருமை எருமைதானே." யோகாம்பாள் கிண்ணத்தை மூடிவிட்டார். "எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வாற வயசு. இந்த நேரம் பாத்து எமன்ரை வாகனத்திலை நானே ஏறிக் குந்தினால், அவருக்கு வாற அலைச்சல் மிச்சம்."

கோயிலில் நின்ற சனம் சிரித்தது. யோகாம்பாள் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவர் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனார்.

நகுலேஸ்வரன் செய்யாத வேலையில்லை. எருமைக்கு மேலே மாலை போட்டார். மாலைக்குள்ளால் கொம்பு தெரிந்தது. துணி சுற்றினார். கண்ணைக் கட்டினால் எமனுக்கு வழி தெரியாதோ என்று யோகாம்பாள் கேட்டார். ஒரு பிள்ளையார் ஸ்ரிக்கரை வாங்கி ஒட்டினார். அது அளவில் சின்னது. பிள்ளையாரின் தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கொம்பு நீட்டிக்கொண்டு நின்றது. அதைக் கண்டு யோகாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, முதலில் அதை உரியுங்கோ என்றார்.

எருமையையே கழற்றிவிடலாமே என்று கேட்கலாம். கழற்றியிருப்பார். அதற்கிடையில்தான் மழை துடைக்கிற வைப்பர் பழுதாகி, அவருக்கு ஒரு இரகசியம் தெரியவந்தது.

வின்ஸ்லோவுக்கு உதிரிப்பாகம் பலேர்மோவில் எங்கேயும் இல்லை. பெயரைச் சொன்னாலே மெக்கானிக்குகள் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் ஒரேத்தோவில் பழைய கார்கள் உடைக்கிற முற்றத்தில் பூபாலென் என்பவனைப் பிடித்தார். பூபாலென் மொரிசியஸ்காரன். பேர் தமிழ், கும்பிடுகிற சாமி தமிழ், தைப்பூசத்துக்குக் காவடியும் எடுப்பான். ஆனால் தமிழில் கதைக்க வராது. இரண்டு பேருக்கும் இடையில் இத்தாலியன்தான் பாலம். பூபாலென் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய், நசுங்கிக் கிடந்த ஒரு கொரியக் காரிலிருந்து வைப்பர் மோட்டரைக் கழற்றிக்கொண்டு வந்து பூட்டினான். அளவெடுத்துச் செய்தது மாதிரிப் போய் உட்கார்ந்தது. பிறகு நகுலேஸ்வரனைக் கூட்டிக்கொண்டுபோய் நசுங்கின காரின் மூக்கைக் காட்டினான். அதில் சிறகை உயர்த்தி, காலை நீட்டிக்கொண்டு ஒரு பறவை. கொரியாக்காரரின் கொக்கு. உன்னுடைய எருமைக்குக் கீழேயும் இதுதான் இருக்கும் என்றான். புது அச்சு அடிக்கச் சிலவு என்று, கொக்குக்கு மேலேயே எருமையை ஒட்டிவிட்டார்களாம்.

நகுலேஸ்வரன் அக்கம்பக்கம் பார்த்தார். இதை ஒருவருக்கும் சொல்லாதே என்று பூபாலெனின் இரண்டு கையையும் பிடித்துக் கேட்டுக்கொண்டார். எருமை போனால் கொக்கு வரும். கொக்கு வந்தால் அமெரிக்கா போய்விடும். எருமை இருந்தால் யோகாம்பாள் ஏறமாட்டார். மனுசன் நடுவில் மாட்டிக்கொண்டார்.

அந்தக் கோடையில் யோகாம்பாளுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. மயக்க ஊசி ஏறுகிற நேரம் அவர் சாந்தா றோசாலியாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தார். எழும்பி நடந்தால், உன்னுடைய திருநாளுக்கு முதல் மலைக்கு வந்து விளக்கேற்றுவேன் என்று. சைவக்காரிதான். ஆனால் பலேர்மோவில் இருக்கிற தமிழருக்கு அந்த மலையும் ஒரு கதிர்காமம். ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுங்காலோடு ஏறுகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆக்கள்தான்.

வீட்டுக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டின அன்று, கோயில் சபைத் தலைவர் இராஜநாயகம் தன்னுடைய கறுத்த ஜேர்மன் காரில் வந்து யோகாம்பாளை ஏற்றிக்கொண்டு போனார். நகுலேஸ்வரன் மனைவியின் உடுப்புப் பையை முன்சீற்றில் வைத்துக்கொண்டு, தன்னுடைய காரில் பின்னால் போனார். வீட்டில் இறங்கினதும், பயணம் எப்படி என்று கேட்டார். யோகாம்பாள் உள்ளதைச் சொன்னார்: "என்ன சுகம். கண்ணாடியிலை உங்கடை எருமை பின்னாலை துரத்திக்கொண்டு வருது."

திருநாள் கிட்டிவந்தது. இராஜநாயகம் போன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தானே யோகாம்பாளை மலைக்குக் கொண்டுபோவதாய்ச் சொல்லிவிட்டு, போனை வைக்கிறதுக்கு முதல், "நீர் வழமைபோலப் பின்னாலை வாரும், நகுலேஸ்" என்றார்.

அந்த "வழமைபோல" நல்ல வேலை செய்தது. அடுத்த நாளே நகுலேஸ்வரன் ஒரேத்தோவில் நின்றார்.

பூபாலென் தலைமயிர் காயவைக்கிற மெசினால் எருமைக்குச் சூடு காட்டி, தூண்டில் நூலைப் பின்னால் கொடுத்து இழுத்தான். எருமை சளக்கென்று கையோடு வந்தது. கீழே கொக்கு, ஒரு கீறல் இல்லாமல், நேற்றுச் செய்தது மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றது. நகுலேஸ்வரன் கோயிலில் வாங்கிவந்த சந்தனம் முழுவதையும் குழைத்து, கொக்கின் அலகு, கழுத்து, கால் ஒன்றும் தெரியாதபடி கைப்பிடி கைப்பிடியாய் அப்பினார். நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. இவ்வளவு வடிவான பறவையை ஏன் மூடுகிறாய் என்று பூபாலென் கேட்டான். அவர் இன்னொரு பிடி அப்பினார். உன்னுடைய அமெரிக்காவை மறந்துவிட்டுப் போகாதே என்று எருமையை எடுத்து நீட்டினான். நகுலேஸ்வரன் அதைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை யோகாம்பாள் கைத்தடியோடு வந்து காரின் முன்னால் நின்றார். சந்தனத்தின் மேல்பக்கத்தை விரலால் தடவி, இரண்டு பக்கமும் கொம்பு தேடினார். இல்லை. எருமை எங்கே என்று கேட்டார். குப்பையில் போட்டுவிட்டேன் என்றார் நகுலேஸ்வரன். யோகாம்பாள் விரலில் ஒட்டின சந்தனத்தை நெற்றியில் பூசிக்கொண்டார். பிறகு முன்கதவைத் திறந்து, முதலில் தடியை வைத்து, பிறகு நல்ல காலை வைத்து, கடைசியாய் நொந்த காலைத் தூக்கி உள்ளே வைத்தார். அடுத்த வீட்டுச் சந்திரமதி பூசைப் பையோடு பின்சீற்றில் ஏறினாள். இராஜநாயகம் வந்து பார்த்து, தன்னுடைய காரில் பின்னால் வந்தார்.

மலையடியில் முதல் வளைவு திரும்பும்போது யோகாம்பாள் சீற்றில் கையை ஊன்றிப் பார்த்தார்.

"சீற் நல்லாய்த்தான் இருக்கு" என்றார்.

நகுலேஸ்வரனுக்கு அதற்குப் பிறகு வந்த வளைவுகள் ஒன்றும் ஞாபகமில்லை. பொக்கற்றுக்குள் கிடந்த எருமை ஒவ்வொரு தரம் கிளச் மிதிக்கும்போதும் கொம்பால் துடையில் குத்தியது. அவர் குத்தட்டும் என்று விட்டுவிட்டார். இன்ஜின் சூடு காட்டுகிற முள்ளு சிவப்பில் படுத்துக் கிடந்ததையும் அவர் கவனிக்கவில்லை. கொரியாக்காரன் நகரத்துத் தெருவுக்கென்று செய்த வண்டி, மூன்று பேரோடு மொந்தே பெலக்ரீனோ என்கிற அந்த மலையில் ஏறுகிறது. அதுவும் என்ன செய்யும்.

கோயிலடியில் நிற்பாட்டினதும் யோகாம்பாள் சந்திரமதியின் கையைப் பிடித்துக்கொண்டு குகைக்கோயிலுக்குள் போனார். நேர்த்திப்படி விளக்கேற்றினார். கற்பூரப் பொட்டலத்தைக் காருக்குள் விட்டுவிட்டு வந்த ஞாபகம் அப்போதுதான் வந்தது. எடுத்துவரச் சொல்லிச் சந்திரமதியைத் திருப்பி அனுப்பினார். சந்திரமதி வெளியே வந்த நேரமும் ரேடியேற்றர் பொங்கின நேரமும் ஒன்று. காரின் மூக்கிலிருந்து வெள்ளைப் புகை புசுபுசுவென்று கிளம்புகிறது. சூட்டுக்குச் சந்தனம் இளகிக் கட்டிகட்டியாய் வழிகிறது. புகைக்குள்ளால் முதலில் ஒரு சிறகு, பிறகு ஒரு கழுத்து. சிறகின் வரிகளுக்குள் சந்தனம் புள்ளிபுள்ளியாய் நின்றுவிட்டதால், பார்க்கிறவர்களுக்குத் தோகைக் கண் மாதிரியே இருந்தது. சந்திரமதி கையைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு, முருகா, மயில் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். படியால் ஏறி வந்து களைத்து நின்ற அத்தனை தமிழ்ச் சனமும் அதே இடத்தில் விழுந்து கும்பிட்டது.

இராஜநாயகம் விளக்கம் சொன்னார். சூரனையே மயிலாக்கின எம்பெருமானுக்கு, ஒரு எருமை என்ன பெரிய வேலை என்று கேட்டார். சனம் இன்னொரு தரம் கும்பிட்டது. குகையில் சொட்டுகிற தீர்த்தத்தைப் போத்தலில் பிடித்து வைத்திருந்தவர்கள், அதைக் கொண்டுவந்து ரேடியேற்றருக்குள் ஊற்றினார்கள். கார் ஆறி, திறப்பைத் திருப்பினதும் ஸ்ரார்ட் பிடித்தது. இரண்டாவது அற்புதமும் முடிந்தது.

நகுலேஸ்வரன் வாயைத் திறந்தார். மயில் இல்லை என்று சொல்லவேண்டும். அப்படியானால் என்ன என்று கேட்பார்கள். என்ன என்று சொன்னால் கார் எந்த ஊர் என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டார். எருமையும் போயிற்று, அமெரிக்காவும் தப்பிற்று, யோகாம்பாளும் ஏறிவிட்டார். இனி என்ன குறை என்று நினைத்தார்.

யோகாம்பாள் தடியை ஊன்றிக்கொண்டு குகையிலிருந்து வெளியே வந்தார். சனம் விலகி வழிவிட்டது. காரைப் பார்த்தார், கும்பிட்டார். நகுலேஸ்வரன் ஓடிப்போய் முன்கதவைத் திறந்து பிடித்தார்.

"மயிலிலை முருகன் ஏறலாம்" என்றார் யோகாம்பாள். "நான் ஆர், ஏறிக் குந்துறதுக்கு?"

இராஜநாயகத்தின் கார் முன்னால் இறங்கியது. நகுலேஸ்வரன் வழமைபோலப் பின்னால் போனார்.

அதற்குப் பிறகு அந்தக் கார் அவருடைய காராய் இல்லை. செருப்போடு ஏறக்கூடாது என்றார்கள். அவர் வெறுங்காலால் கிளச் மிதித்தார். மீன் ஏற்றக்கூடாது என்றார்கள். சந்தைக்கு நடந்து போய்ச் சூடைமீனைப் பையில் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வந்து கொக்குக்குப் பால் வார்த்தார்கள். யாரோ பம்பரில் தேங்காய் உடைத்ததில் பம்பர் வெடித்தது. பூபாலென் புதுப் பம்பர் பூட்ட வந்தவன், மயிலுக்குக் கொண்டை இருக்கவேண்டும், இதற்குக் காலைத் தவிர வேறொன்றும் இல்லையே என்று இத்தாலியனில் கேட்டான். சந்திரமதிக்கு இத்தாலியன் நன்றாய்த் தெரியும். ஆனால் அந்த வசனம் மட்டும் அவளுக்கு விளங்கவில்லை.

யோகாம்பாள் ஒவ்வொரு நாள் காலையும் தெருவில் இறங்கி, காரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதைத் தாண்டி பஸ் தரிப்புக்குப் போனார்.

கந்தசஷ்டிக்கு முதல் வந்த ஒரு வெள்ளிக்கிழமை. இராஜநாயகம் சபை ஆக்களோடு வந்து, காரின் கூரையில் முருகன் படத்தை எப்படிக் கட்டுவது என்று கயிறு பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் பால்செம்போடு நின்றார்கள். நகுலேஸ்வரன் கையைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நின்றார். பேட்டி எடுக்காத குறைதான். போகிறவர்களும் வருகிறவர்களும் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு யோகாம்பாளுக்கு முழங்கால் பயிற்சி. தெரு முனையில் பஸ்ஸுக்காக நின்றார். முதலாவது பஸ் நிற்காமல் போய்விட்டது. அடுத்ததில் படி வரைக்கும் சனம். யோகாம்பாள் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் பையும் மறுகையில் எட்டிப் பிடித்த கம்பியுமாய் ஏறப் பார்த்தார். நொந்த கால் எழும்பவில்லை. உள்ளே இருந்து யாரோ கை கொடுத்தார்கள். அதற்குள் பஸ் சனத்தைச் சமாளிக்கமுடியாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. யோகாம்பாள் பையைச் சரிசெய்துகொண்டு அடுத்த பஸ் வருகிற திசையைப் பார்த்து நின்றார். சூட்கேசுக்குப் பதில் பை, அவ்வளவுதான் வித்தியாசம். துறைமுகத்திலிருந்து வந்த பஸ்ஸில் நின்ற அதே நிலை.

நகுலேஸ்வரன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். காருக்குள் குனிந்து, டாஷ்போர்ட் பெட்டிக்குள் கந்தைத் துணியில் சுற்றி ஒளித்து வைத்திருந்த எருமையை எடுத்தார். இராஜநாயகம் பிடித்திருந்த கயிற்றை வாங்கி நிலத்தில் போட்டார். எருமையைப் பொனற்றின் மேல், மாலைகளுக்கு நடுவில், எல்லோரும் பார்க்கக்கூடியதாய் வைத்தார். பிறகு தெரு முனையில் நின்றவருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் நிதானமாய், ஒவ்வொன்றாய்ச் சொன்னார்:

"மலையிலை ஒரு அற்புதமும் நடக்கேல்லை. எருமையை நான்தான் கழட்டினனான், தலைமயிர் காயவைக்கிற மெசினாலை. புகை வந்தது ரேடியேற்றர் கொதிச்சு. கீழை நிக்கிறது மயிலில்லை, கொக்கு. கொரியாக்காரன் போட்ட கொக்கு. கார் அமெரிக்கனுமில்லை, ஒரு நாளும் அமெரிக்கனாய் இருந்ததுமில்லை. யோகம், கொக்கிலை எந்தச் சாமியும் ஏறினதாய் நான் கேள்விப்படேல்லை. நீ வந்து ஏறு."